நான்கு நாள் எழுதிப் பார்ப்பது எப்படி

மனத்தில் கிடப்பதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வதுண்டு. அதில் பாதிதான் உண்மை என்பதை 1986இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் டல்லஸ் நகரில் உளவியல் ஆய்வாளர்களான ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 46 கல்லூரி மாணவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, அடுத்தடுத்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார்கள். ஒரு குழு சாதாரண விஷயங்களை எழுதியது. மற்ற மூன்றும் தம்மை உலுக்கிய நிகழ்ச்சியை எழுதின: ஒன்று நடந்ததை மட்டும், இன்னொன்று உணர்ச்சியை மட்டும், மூன்றாவது இரண்டையும் சேர்த்து. அடுத்த ஆறு மாதங்களில் உடம்புக்கு முடியவில்லை என்று பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் படியேறுவது குறைந்தது, இரண்டையும் சேர்த்து எழுதியவர்களிடம்தான். உணர்ச்சியை மட்டும் கொட்டியவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. இந்த முறையை வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

எதை எழுதுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். உங்களை இன்னும் விடாமல் தொந்தரவு செய்கிற, வெளியே யாரிடமும் முழுதாகச் சொல்லாத ஒரு விஷயமாக அது இருக்கட்டும். ஆனால் நேற்றோ போன வாரமோ நடந்த பேரிழப்பு இதற்கு ஏற்றதன்று. சில வாரங்களாவது போகட்டும். எழுத உட்காரும்போது இதை எழுதினால் நிலைகுலைந்து போவேன் என்று தோன்றினால், அந்த விஷயத்தை விட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம் என்பது பென்னிபேக்கரே சொல்லும் விதி. அதைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள்.

இடமும் நேரமும் அமைவதுதான் நம் வீடுகளில் கஷ்டம். தோளுக்குப் பின்னால் யாராவது எட்டிப் பார்க்கக்கூடும் என்ற நினைப்பு இருந்தால் எழுத்து பூசிமெழுகத் தொடங்கிவிடும். ஆகவே அலமாரியில் வைக்கும் டைரி வேண்டாம். உதிரித் தாள்களே நல்லது. செல்போனை எடுத்து 15 அல்லது 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு, அதைக் கைக்கெட்டாத இடத்தில் கவிழ்த்து வையுங்கள். படுக்கப் போகும் நேரத்தைத் தவிர்ப்பது நல்லது. எழுதி முடித்த உடனே மனம் சோர்ந்திருப்பது இயல்பு. 1986 ஆய்வில் இரண்டையும் சேர்த்து எழுதியவர்களுக்கு அந்தச் சமயத்தில் இரத்த அழுத்தமும் சற்றே கூடியிருந்தது. அந்தச் சோர்வு பொதுவாக சில மணி நேரத்தில் தணியும். அதற்கு இடம் விட்டு, பின்னால் அரை மணியாவது வேறு வேலை எதுவும் இல்லாத நேரமாகப் பாருங்கள்.

எழுதத் தொடங்கியபின் நிறுத்தக் கூடாது. எழுத்துப்பிழை, இலக்கணம், வாக்கிய அழகு எதையும் பார்க்க வேண்டாம். பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள். வாயில் வருகிற சொல்தான் மனத்துக்கு அருகில் இருக்கிறது. சொல்ல ஒன்றும் இல்லாமல் போனால் கடைசியாக எழுதிய வரியையே மறுபடி எழுதுங்கள், அடுத்தது தானாக வரும்.

பயன் எங்கிருந்து வருகிறது என்பதைப் பென்னிபேக்கர் குழுவினர் பிற்பாடு கணினியைக் கொண்டு தேடினார்கள். எழுதியவர்களின் சொற்களை எண்ணிப் பார்த்தபோது, உடல்நலம் தேறியவர்களின் எழுத்தில் முதல் நாளிலிருந்து கடைசி நாளுக்குள் காரணத்தைக் காட்டும் சொற்களும் புரிதலைக் காட்டும் சொற்களும் பெருகியிருந்தன. ஒருவர் தன்னைக் குறித்தும் பிறரைக் குறித்தும் பேசும் விதம் நாளுக்கு நாள் மாறியதும் நலத்தோடு சேர்ந்தே வந்தது. ஓர் எடுத்துக்காட்டை நானே புனைந்து காட்டுகிறேன். முதல் நாள்: “அண்ணன் என்னைக் கேக்காமலே வீட்ட வித்துட்டான். நெனச்சாலே நெஞ்சு எரியுது. மூஞ்சியிலயே முழிக்கக் கூடாது.” மூன்றாம் நாள்: “கடன்காரங்க வாசல்ல வந்து நின்ன அந்த வாரத்துலதான் வித்திருக்கான். நான் சத்தம் போடுவேன்னு பயந்துதான் சொல்லல போலருக்கு. அதுக்காக சொல்லாம விட்டது சரியாகிடாது. ஆனா ஏன்னு இப்ப புரியுது.” கோபம் போய்விடவில்லை என்பதைக் கவனியுங்கள். மன்னிப்பும் இங்கே நிபந்தனை இல்லை. நடந்தது ஒரு வரிசைக்குள் வந்திருக்கிறது, அண்ணனுக்கும் ஒரு மனம் இருப்பது தெரிந்திருக்கிறது, அவ்வளவே. எனவே முதல் நாள் எப்படி வந்தாலும் விட்டுவிடுங்கள். இரண்டாம் நாள் முதல், இது ஏன் நடந்தது, என் வாழ்க்கையில் வேறு எவற்றோடு இது பின்னிக் கிடக்கிறது என்ற கேள்விகளை மெல்ல உள்ளே விடுங்கள். நான்கு நாளும் ஒரே புலம்பல் ஒரே சொற்களில் வருமானால் இந்த முறை உங்களுக்கு உதவவில்லை என்று கொண்டு நிறுத்திவிடுங்கள். மணமுறிவுக்குப் பின் அதன் பொருளைத் தேடித் தேடி மனத்தைக் குடைந்துகொண்டிருந்தவர்களுக்கு இவ்வாறு எழுதுவது மீட்சியைத் தாமதப்படுத்தியது என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது.

எவ்வளவு பயனை எதிர்பார்க்கலாம்? 1999இல் ஜோஷுவா ஸ்மித் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் ஆஸ்துமாவோ முடக்குவாதமோ உள்ள 112 பேரை மூன்று நாள், நாளுக்கு 20 நிமிடம் எழுதவைத்துப் பார்த்ததில், நான்கு மாதம் கழித்து மனச்சுமையை எழுதியவர்களில் ஏறத்தாழ 47 சதவீதம் பேருக்கும், சாதாரண விஷயத்தை எழுதியவர்களில் 24 சதவீதம் பேருக்கும் நோயில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இருந்தது. 2013இல் நியூசிலாந்தில் 64 முதல் 97 வயது வரையான 49 பேரை இதேபோல் எழுதவைத்து, பின்னர் அவர்கள் கையில் நான்கு மில்லிமீட்டர் அளவில் தோலை எடுத்துப் புண் ஆறுவதைக் கவனித்தார்கள். 11ஆம் நாளில், உள்ளத்தை எழுதியவர்களில் 76 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 42 சதவீதம் பேருக்கும் முழுமையாக ஆறியிருந்தது. இந்த எண்களைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம், இரண்டுமே சிறிய ஆய்வுகள். 146 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வந்த மதிப்பீடு, பயன் உண்டு, ஆனால் சராசரியில் அது மிகச் சிறியது என்றே முடித்தது. செலவு சில தாள்களும், எழுத ஒன்றரை மணிக்கும் குறைவான நேரமும்தான் என்பதால், சிறிய பயனும் எனக்குப் போதுமானதாகவே தோன்றுகிறது.

நான்காம் நாளோடு நிறுத்துங்கள். இது தினமும் செய்யும் பயிற்சியாக ஆய்வுகளில் வைக்கப்படவில்லை. தாள்களைக் கிழித்தாலும் எரித்தாலும் யாருக்கும் நட்டமில்லை. எழுதியதை அதில் வருகிற ஆளிடமே கொண்டுபோய்க் காட்டுவது மட்டும் வேண்டாம், அது வேறு சண்டையைத் தொடக்கிவிடும். ஸ்மித்தின் ஆய்வில் பங்கேற்றவர்கள் தம் வழக்கமான மருத்துவத்தைத் தொடர்ந்துகொண்டேதான் எழுதினார்கள். ஆகவே இன்ஹேலரையோ இரத்த அழுத்த மாத்திரையையோ இதை நம்பிக் குறைக்காதீர்கள். எழுதத் தொடங்கியபின் தூக்கம் கெட்டு, சோர்வு சில நாள்களாகியும் விலகாமல் நின்றால், மேற்கொண்டு எழுதாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.