‘புட் ஆஃப்’ என்றால் ரத்து இல்லை

‘த மீட்டிங் இஸ் புட் ஆஃப்’ என்று தகவல் வந்ததும், கூட்டமே கிடையாது என்று நிம்மதியாகிவிடுகிறவர்கள் நிறையப் பேர். கூட்டம் உண்டு, தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். ரத்து என்றால் ‘கால்டு ஆஃப்’ என்று வந்திருக்கும்.

‘ஃபேனை ஆஃப் பண்ணு’ என்று நாள் முழுக்கச் சொல்லிப் பழகியதால், ‘ஆஃப்’ என்றாலே நிறுத்தம் என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. இங்கே அதற்கு ‘தள்ளி’ என்று பொருள். ‘புட்’ என்றால் வை. ஆக, நம்முடைய ‘தள்ளி வை’யேதான்.

அதிகம் சறுக்குவது புதிய தேதியைச் சொல்லும்போது. ‘வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள்’, ‘ஒரு வாரத்துக்குத் தள்ளி வைத்தார்கள்’ என இரண்டுக்கும் தமிழில் ஒரே ‘க்கு’ போதும். ஆங்கிலத்தில் போதாது. நாளைக் குறித்தால் ‘புட் ஆஃப் அன்டில் ஃப்ரைடே’, கால அளவைச் சொன்னால் ‘புட் ஆஃப் ஃபார் எ வீக்’. ‘அன்டில்’ என்பதை ‘வரை’ என்று மட்டும் படித்து, கூட்டம் வெள்ளிக்குப் பிறகு எப்போதோ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், வெள்ளிக்கிழமையே கூட்டம்.

‘புட் ஆஃப் இட்’ தவறு. ‘இட்’, ‘தெம்’ போன்ற சுட்டுப்பெயர்கள் நடுவில்தான் உட்காரும்: ‘புட் இட் ஆஃப்’. ‘த மீட்டிங்’ போன்ற பெயர்ச்சொல் நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம்.

பின்னால் வினை வந்தால் ‘டு கோ’ அல்ல, ‘கோயிங்’. ‘பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட்டேன்’ என்கிறோம். ‘போகத் தள்ளிப்போட்டேன்’ என்று யாரும் சொல்வதில்லை. அந்தப் ‘போவதை’தான் ‘கோயிங்’: ‘ஐ புட் ஆஃப் கோயிங் டு த டென்டிஸ்ட்.’ இறந்த காலத்திலும் ‘புட்’ மாறாது. ‘புட்டட்’ என்று ஒரு சொல்லே இல்லை.

‘த ஸ்மெல் புட் மீ ஆஃப்’ என்பதில் எதுவும் ஒத்திப்போகவில்லை. அந்த நாற்றத்தில் எனக்கு வேண்டாம் என்றாகிவிட்டது என்று பொருள். இப்படி ஒரு பொருளோ நிகழ்வோ ஆளை ‘புட் ஆஃப்’ செய்தால் வெறுப்பு, தயக்கம், பின்வாங்கல். ‘டோன்ட் பி புட் ஆஃப் பை த ப்ரைஸ்’ என்றால் விலையைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். ஆனால் ‘வி புட் த கெஸ்ட்ஸ் ஆஃப் அன்டில் சண்டே’ என்று ஓர் ஆள் இன்னோர் ஆளை ‘புட் ஆஃப்’ செய்து, நாளும் கூடவே வந்தால் மறுபடி பழைய பொருள்தான்: விருந்தாளிகளை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டோம். ‘ஆஃப்-புட்டிங்’ என்று சேர்ந்து வரும் பெயரடைக்கு மட்டும் இந்தக் குழப்பம் இல்லை. அது மனம் விலகச் செய்வதை மட்டுமே குறிக்கும்.