பொப் மார்லியின் ‘லைவ்!’ அல்பத்தைக் கொழும்பு ஃபிளாட் ஒன்றில் இருந்து ஒழுங்காகக் கேட்பது எப்படி

கொழும்பு ஓட்டோக்களின் பின்பக்கம் ஜமெய்க்கப் பாடகர் பொப் மார்லியின் படத்தைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள், ‘நோ வுமன், நோ க்ரை’ தெரியாதவர்களும் குறைவு. ஆனால் நம்மில் பலர் மனதில் இருக்கும் அந்தப் பாட்டு ஸ்டூடியோவில் பாடியது இல்லை. 1975 ஜூலையில் லண்டன் லைசியம் அரங்கில் சனத்துக்கு முன்னால் பாடியது. 1984இல் வந்த ‘லெஜண்ட்’ தொகுப்பிலும் அதைத்தான் போட்டார்கள். அந்த மேடையில் பதிவான ஏழு பாட்டுகள் சேர்ந்ததுதான் ‘லைவ்!’. மீதி ஆறையும் கேட்காமல் விடுவது பெரிய இழப்பு.

முதலில் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். ‘ட்ரெஞ்ச்டவுன் ரொக்’கில் தொடங்கி ‘கெட் அப், ஸ்டேண்ட் அப்’பில் முடிவதுதான் அசல். கடைசியில் ‘கிங்கி ரெகே’ இருந்தால் அது பிறகு சேர்த்தது. அப்புறம் ஃபோனில் ஷஃபிளை நிறுத்துங்கள், ஒரு பாட்டை இன்னொன்றோடு கலக்கும் கிராஸ்ஃபேடையும் பூச்சியத்துக்குக் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் பாட்டுகளுக்கு நடுவே வரும் கைதட்டல் எல்லாம் குழம்பிப்போகும்.

ஃபோன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். மார்லியின் இந்த ரெகே இசையின் உயிரே அவர் குழுவின் ஆஸ்டன் பாரெட் வாசிக்கும் பேஸ் கிட்டார், அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். பெரிய ஸ்பீக்கர் இருந்தாலும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை தொடர்மாடிகளில் இரவில் போட்டால் பேஸ் சுவர் வழியாக அடுத்த வீட்டுப் பிள்ளையின் படிப்பைக் கெடுக்கும், பகலில் போட்டால் காலி வீதி ஹோன் சத்தம் நம் கேட்பதைக் கெடுக்கும். அதனால் வயர் உள்ள நல்ல ஹெட்போன்தான் சரி. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டையிலோ வாங்கப் போனால், போட்டுப் பார்க்க விடும் கடையாகத் தேடி, உங்கள் ஃபோனிலேயே ‘ட்ரெஞ்ச்டவுன் ரொக்’கைப் போடுங்கள். பேஸ் ஒவ்வொரு சுரமாகத் தனித்தனியே கேட்க வேண்டும், வெறும் ‘தும் தும்’ என்று இரைந்தால் வாங்காதீர்கள்.

நேரம்? இரவு பத்துக்குப் பிறகு, அல்லது போயா (பௌர்ணமி விடுமுறை) நாள் காலை. மொத்தமே நாற்பது நிமிடத்துக்குள்தான், இடையில் எழும்பாதீர்கள்.

முதல் தடவை ஒன்றையும் யோசிக்காமல் கேளுங்கள். இரண்டாம் தடவை நாலு எண்ணிக்கைக்குக் கையால் தாளம் போட்டுக்கொண்டே கார்ல்டன் பாரெட்டின் ட்ரம்ஸைக் கவனியுங்கள், இவர் ஆஸ்டனின் தம்பி. நாம் சமத்தில் தட்டிப் பழகியவர்கள், இவரோ பல இடங்களில் அந்த முதல் அடியைக் காலியாக விட்டு மூன்றில்தான் இறக்குகிறார். கிட்டார் இடையிடையே வெட்டி வெட்டி வரும். கை முதலில் தடுமாறும், பிடிபட்டதும் உடம்பு தானாக ஆடத் தொடங்கும்.

அடுத்து சனத்தைக் கேளுங்கள், எனக்கு இந்த அல்பத்தில் ஆகப் பிடித்தது அதுதான். ‘நோ வுமன், நோ க்ரை’யில் ஓர்கன் தொடங்கியதும் மார்லி பாட முன்பே அரங்கம் பல்லவியைப் பாடிக்கொண்டு நிற்கிறது, பாடகரும் அவசரப்படாமல் அவர்களை விட்டுவிடுகிறார். பிறகு 1974இல் வந்த ‘நாட்டி ட்ரெட்’ அல்பத்தில் இதே பாட்டைப் போட்டுப் பாருங்கள். அங்கே ட்ரம் மெஷின், ஓட்டமும் வேகம். நல்ல பாட்டுத்தான், ஆனால் லைசியத்தில் அது ஏழு நிமிடமாக விரிந்து, அல் ஆண்டர்சனின் கிட்டாரும் சேர்ந்து வேறொரு உயரத்துக்குப் போய்விடுகிறது.

‘ஐ ஷொட் த ஷெரிஃப்’ ஆங்கிலேய ரொக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் பாடி 1974இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு, எழுதிய மார்லியின் குரலில் அதைக் கேட்டால் எவ்வளவு காரம் என்று தெரியும். கடைசிப் பாட்டில் மார்லி குரல் கொடுக்க சனம் திருப்பிக் கொடுக்கிறது, அந்த இடத்தில் நீங்களும் எழும்பி நின்று பதில் பாடுங்கள், ஹெட்போன் வயரைத்தான் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். இது மனதில் பதிந்த பிறகு டீலக்ஸ் பதிப்புக்குப் போங்கள், அதில் ஜூலை 17, 18 இரண்டு இரவுகளும் இருக்கின்றன, 17இல் இருந்து தொடங்குங்கள்.