ட்ரெய்லர் ஓட்டப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

ட்ரெய்லர் ஓட்டுவதில் ஸ்டியரிங் பிடிப்பது சின்ன வேலை. இன்ஜினும் கேபினும் உள்ள முன்வண்டி யாருக்கும் சீக்கிரம் பிடிபட்டுவிடும். பின்னால் இழுபட்டு வரும் 40 அடி இப்போது எங்கே இருக்கிறது, அடுத்த நொடி எங்கே போகும் என்பதைக் கண்ணாடியிலேயே கணிக்கப் பழகத்தான் நாள் பிடிக்கும். ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் டிரான்ஸ்போர்ட் கம்பெனிகளில் பயிற்சிக்குச் சேருகிறவர்கள் இதை மனதில் வைத்துத் தொடங்கினால், தூணையும் காம்பவுண்டு சுவரையும் இடிக்காமல் பழகலாம்.

லைசென்ஸ் விஷயம் சுருக்கமாக. கார் லைசென்ஸ் எடுத்து ஓராண்டு நிறைந்து, 20 வயதும் ஆகியிருந்தால்தான் கனரக வாகனத்துக்கு எல்.எல்.ஆர். போட முடியும். டாக்டரிடம் மருத்துவச் சான்றாகப் படிவம் 1ஏ, டிரைவிங் ஸ்கூலில் பயிற்சிச் சான்றாகப் படிவம் 5 வாங்க வேண்டும். கார் லைசென்ஸை வைத்துக்கொண்டு மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டிய வண்டியைச் சாலையில் தொடவே கூடாது. ‘ஷெட்டு வரைக்கும்தானே’ என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். தோல் தொழிற்சாலைகளுக்கு அமிலம் ஏற்றிப் போக ஆபத்தான சரக்குக்கான தனிப் பயிற்சி முடித்து, அதை லைசென்ஸில் பதிந்திருக்க வேண்டும்.

சாவியைக் கையில் வாங்கும் முன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது ஒரு இரும்பு ராடால் ஒவ்வொரு டயரையும் தட்டுங்கள். காற்று இருக்கிற டயர் ராடைத் துள்ளித் திருப்பி அனுப்பும், இறங்கிய டயரில் ‘தொப்’பென்று சத்தம் அமுங்கும். ஜோடி டயரில் உள்பக்கத்து டயர் பஞ்சராகியிருந்தால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வெளி டயர் இரண்டு பேர் பாரத்தையும் சுமந்து, சூடேறி, பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் வெடிக்கும். ஜோடிக்கு நடுவே கல் சிக்கியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் ஓடும்போது காற்றழுத்தம் ஏறுவது இயல்பு. ‘ஜாஸ்தியா இருக்கே’ என்று சூடான டயரில் காற்றைத் திறந்துவிடுவது பெரிய தவறு. காற்று குறைந்தால் டயரின் பக்கவாட்டு இன்னும் அதிகமாக மடிந்து மடிந்து சூடு கூடும்.

அடுத்தது ஏர், அதாவது பிரேக்கை இயக்கும் காற்று. காற்றுத் தொட்டிகளின் அடியில் இருக்கும் வளையத்தை இழுத்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். தண்ணீரோடு எண்ணெயும் வந்தால் கம்ப்ரசரில் கோளாறு, மெக்கானிக்கிடம் அன்றே சொல்லுங்கள். காற்று முழுக்க ஏறியதும் இன்ஜினை அணைத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி ஒரு நிமிடம் மீட்டர் முள்ளைப் பாருங்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டால் சரி. தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது. அந்த வண்டியை எடுக்காதீர்கள்.

முன்வண்டியையும் ட்ரெய்லரையும் சேர்ப்பதில்தான் பெரிய விபத்துகளின் விதை இருக்கிறது. அதனால் இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள். ட்ரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்கிறதா, அதன் பிரேக் பிடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முன்வண்டியில் ட்ரெய்லர் உட்காரும் தட்டில் கிரீஸ் இருக்க வேண்டும், அதில் ட்ரெய்லரைக் கவ்விப் பூட்டும் தாடை திறந்திருக்க வேண்டும். நேராகப் பின்னால் வந்து, ட்ரெய்லருக்கு ஓரடி முன்பே நிறுத்தி, இறங்கி உயரம் பாருங்கள். ட்ரெய்லரின் அடித்தகடு முன்வண்டித் தட்டைவிட ஒரு துளி தாழ்வாக இருந்தால், நீங்கள் உள்ளே வரும்போது தட்டு அதைக் கொஞ்சம் தூக்கும். அதுதான் சரியான உயரம். ட்ரெய்லர் உயரமாக இருந்தால் அதன் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு முளையான கிங் பின் தாடைக்கு மேலேயே நழுவிப் போய் கேபினின் முதுகில் இடிக்கும். ரொம்பத் தாழ்வாக இருந்தால் தட்டு உள்ளே நுழையாமல் முட்டும்.

மெதுவாகப் பின்னால் வரும்போது ‘டக்’கென்று பூட்டு விழும். சத்தத்தை நம்பி விட்டுவிடக் கூடாது. ட்ரெய்லர் பிரேக் பிடித்திருக்கும்போதே சின்ன கியரில் முன்னால் இரண்டு தடவை லேசாக இழுத்துப் பாருங்கள். பிறகு டார்ச்சோடு இறங்கிக் குனிந்து, தாடை கிங் பின்னைச் சுற்றி முழுக்க மூடியிருக்கிறதா, தட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வெளிச்சம் தெரிந்தால் சரியாக உட்காரவில்லை. பூட்டுக் கைப்பிடி முழுக்க உள்ளே போய், பாதுகாப்பு ஊசியும் மாட்டியிருக்க வேண்டும். அதன் பிறகுதான் ஏர் ஓஸும் லைட் ஒயரும். சிவப்பு ஓஸ் ட்ரெய்லர் தொட்டிக்குக் காற்று கொண்டுபோகும், மஞ்சள் ஓஸ் நீங்கள் பிரேக் மிதிப்பதைப் பின்னால் சொல்லும். இரண்டையும் மாற்றி மாட்டினால் ட்ரெய்லர் பிரேக் விடாது. கடைசியாக, தனியே நிற்கும்போது ட்ரெய்லரைத் தாங்கும் முன்கால்களை முழுக்க மேலே சுற்றிவிடுங்கள். பாதி ஏறிய கால் முதல் வேகத்தடையிலேயே வளையும்.

கழற்றும்போது முதலில் கால் இறங்க வேண்டும். பிறகு ஓஸ், கடைசியில்தான் பூட்டு. மழை பெய்த மண்தரை என்றால் கால்களுக்கு அடியில் தடித்த பலகை வையுங்கள். லோடோடு நிற்கும் ட்ரெய்லரின் கால் ஒருபக்கம் புதைந்தால் வண்டியே சாயும்.

ரிவர்ஸுக்கு வருவோம். அவசரப்பட்டுப் பழகக் கூடாத பாடம் இதுதான். ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் ட்ரெய்லரின் வால் வலப்பக்கம் போகும். குழப்பம் வராமல் இருக்க ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் கையை வையுங்கள். கை எந்தப் பக்கம் நகர்கிறதோ, வாலும் அந்தப் பக்கமே நகரும். கொஞ்சமாகத் திருப்பி, வால் நகரத் தொடங்கியதுமே எதிர்ப்பக்கம் திருப்பி முன்வண்டியை அதன் பின்னாலேயே அனுப்ப வேண்டும். புதியவர்கள் எல்லோரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். வால் நகரவில்லையே என்று இன்னும் திருப்புவார்கள், திடீரென்று ட்ரெய்லர் ‘எல்’ போல மடிந்து கேபினை நெருங்கிவிடும். மடியத் தொடங்கினால் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டாதீர்கள். நின்று, முன்னால் இழுத்து, நேராக்கி, மறுபடி வாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, முப்பது வருடம் ஓட்டினவரும் அதைத்தான் செய்வார்.

காலி மைதானத்தில் பழைய டயர்களை அடையாளமாக வைத்து, முதலில் 30 மீட்டர் நேர் ரிவர்ஸ் பழகுங்கள். அது கோடு பிசகாமல் வந்த பிறகு வலப்பக்கம் திரும்பிக் கோடவுன் வாசலில் நிறுத்துவது. இடப்பக்கத்து ரிவர்ஸ் கடைசியில்தான், ஏனென்றால் வண்டி இடப்பக்கம் மடிந்ததும் கண்ணாடியில் ட்ரெய்லரின் பக்கச்சுவர் மட்டுமே தெரியும், வால் மறைந்துவிடும். கிளீனர் பின்னால் நின்று ‘வா... வா...’ என்று சொன்னாலும், அவர் உங்கள் கண்ணாடியில் தெரிகிறவரைதான் வண்டி நகரலாம். ஆள் மறைந்தால் பிரேக். சந்தேகம் வந்தால் இறங்கி நடந்து பாருங்கள்.

திருப்பத்தில் ட்ரெய்லரின் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டி வரும். இடது திருப்பத்தில் முன்வண்டியை வழக்கத்தைவிடத் தள்ளி நேராகக் கொண்டுபோய் அப்புறம் ஒடிக்க வேண்டும். ஆனால் வேலூர் கிரீன் சர்க்கிள் போன்ற நெரிசலில் உங்கள் இடப்பக்கம் ஓர் இடைவெளி தெரிந்தால் போதும், பைக் ஒன்று அதில் நுழைந்துவிடும். இண்டிகேட்டரை முன்கூட்டியே போட்டு, இடப்பக்கத்து இடைவெளியைக் குறைவாக வைத்து, நடக்கும் வேகத்தில் திரும்புங்கள். திரும்பி முடிகிறவரை பார்வை இடது கண்ணாடியில் இருக்கட்டும்.

ஆறு அச்சு ட்ரெய்லர் லோடோடு 55 டன் வரை இருக்கலாம். அதற்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. பணத்தைவிட முக்கியம், அந்த எடை நிற்க எடுக்கும் தூரம். ஏர் பிரேக்கில் மிதித்ததும் காற்று கடைசி அச்சு வரை போய்ச் சேர ஒரு நொடிக்கும் குறைவாக என்றாலும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் உங்களுக்கு முன்னால் போகும் வண்டியோடு ஆறு நொடி இடைவெளி, அதாவது 100 மீட்டர், விட்டுப் பழகுங்கள். காலி ட்ரெய்லர் சுலபம் என்று நினைக்க வேண்டாம். ஐப்பசி மழையில் காலி ட்ரெய்லரின் சக்கரங்கள் சட்டென்று பூட்டிக்கொண்டு வழுக்கும்.

வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் பின்னால் நன்றாகத் தள்ளி எச்சரிக்கை முக்கோணம் வையுங்கள். சக்கரத்துக்கு ரோட்டோரக் கல்லை முட்டுக் கொடுக்கிற பழக்கம் வேண்டாம். வண்டியை எடுக்கும்போது கல்லை விட்டுப் போய்விடுவார்கள், இரவில் பின்னால் வரும் பைக்காரருக்கு அது எமன். மரக்கட்டையைக் கயிற்றில் கட்டி வண்டியிலேயே வைத்திருங்கள்.

மலைப்பாதை பயிற்சியின் கடைசிப் பகுதி. பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா போகும் பத்தலப்பல்லி மலைப்பாதைக்கு ட்ரெய்லரோடு பழகப் போகாதீர்கள். லாரியில் மூத்த டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் எங்கே கியர் குறைக்கிறார் என்று கவனியுங்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து, இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுவிட வேண்டும். பாதி இறக்கத்தில் கியர் மாற்றப் போய் நியூட்ரலில் மாட்டினால் வண்டி கையை விட்டுப் போய்விடும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது தற்கொலை. பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தியே வந்தால் சக்கரத்தின் பிரேக் ட்ரம் சூடேறி, அதை உள்ளே அழுத்திப் பிடிக்கும் லைனர் பிடிக்காமல் போகும், கருகிய வாடை அதற்கு முதல் அறிகுறி. விட்டு விட்டு, அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து, மறுபடி முழுக்க விடுங்கள்.

அடிவாரத்தில் ஓரம் கட்டியதும் ட்ரம்மைத் தொடாமல் அருகில் கையை நீட்டிச் சூடு பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் கொதித்தால் அதன் பிரேக் விடாமல் உரசுகிறது என்று அர்த்தம். சூடான ட்ரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விடும். கட்டை போட்டு, தானாக ஆறவிட்டுக் கிளம்புங்கள்.