மாணவர்களுக்கு பாட்காஸ்ட் ஒப்படைப்பு கொடுக்கிறீர்களா?

மூன்று பேர் குழுவுக்கு 6 முதல் 8 நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் எடிட்டிங்கிலேயே மாணவர்கள் களைத்துவிடுவார்கள்.

பெரும்பாலும் சொதப்புவது ஸ்கிரிப்டில்தான். கட்டுரையாக எழுதி அப்படியே வாசித்துவிடுவார்கள், கேட்கவே முடியாது. பதிவுக்கு முன் ஒரு பக்கக் குறிப்பு மட்டும் வாங்குங்கள்: ஒரு மையக் கேள்வி, மூன்று ஆதாரங்கள், ஒரு எதிர்க்கருத்து. இறுதி நாளுக்கு ஒரு வாரம் முன்பே ஒரு நிமிட மாதிரிப் பதிவையும் கேட்டுவிடுங்கள். மின்விசிறி இரைச்சல், எதிரொலி எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். எதிரொலியைப் பிறகு சுத்தமாக நீக்குவது மிகக் கடினம்.

கைபேசியே போதும். ஏரோப்ளேன் மோடில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் 'ப' வரும் இடங்களில் காற்று மைக்கில் மோதாது. திரைச்சீலையும் மெத்தையும் உள்ள சிறிய அறை நல்லது. தொடக்கத்தில் 10 விநாடி பேசாமல் பதியச் சொல்லுங்கள். அடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் இரைச்சலைக் குறைக்க அந்தத் துண்டுதான் மாதிரியாகப் பயன்படும்.

ஒலித்தரத்துக்கு 100-க்கு 10 மதிப்பெண்ணுக்கு மேல் வேண்டாம். கூட்டினால் நல்ல மைக் வைத்திருப்பவர்களுக்கே சாதகம். பேசியதன் எழுத்து வடிவத்தையும் கட்டாயம் வாங்குங்கள்: செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கு அது தேவை, ஆதாரங்களைச் சரிபார்க்கவும் எளிது.