மனநல மையத்தில் முறை வரும்வரை என்ன செய்வது?

பொது மனநல மையத்தில் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் பலர், தங்கள் பெயர் தேதி வாரியாக மேலே நகர்ந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறார்கள். அப்படி நகர்வதில்லை. யாருக்கு ஆபத்து அதிகமோ அவரைத்தான் முதலில் பார்ப்பார்கள். அந்த ஆபத்தைக் கையில் இருக்கும் தகவலை வைத்துத்தான் எடை போட முடியும். நீங்கள் சொல்லாதது எங்களுக்குத் தெரியாது. சமூக மனநலக் குழு ஒன்றில், புதிதாக வரும் பரிந்துரைக் கடிதங்களைப் படித்து, வீட்டுக்குப் போன் செய்து விசாரித்து, இது அவசரம், இது காத்திருக்கலாம் என்று பிரிக்கும் செவிலியர் வேலை என்னுடையது. அந்தப் பக்கத்தில் இருந்து பார்த்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் கடிதம். "தூக்கமின்மை, பதற்றம். பார்த்து ஆவன செய்யவும்" என்று ஒற்றை வரியில் வரும் கடிதங்கள் ஏராளம். அதை வைத்து யாரையும் முன்னால் தள்ள முடியாது. எதனால், எப்போதிலிருந்து, ஒரு இரவில் எத்தனை மணி நேரம் தூக்கம், உடம்பு இளைத்திருக்கிறதா, வேலைக்கோ படிப்புக்கோ போவது நின்றுவிட்டதா, சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா, முன்பு முயன்றதுண்டா, குரல்கள் கேட்கின்றனவா, குடி உண்டா, என்ன மருந்து எத்தனை மில்லிகிராம், கர்ப்பமா, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா: இவை கடிதத்தில் இருக்க வேண்டும். டாக்டரின் அறையை விட்டு எழும் முன்பே "என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பார்க்கலாமா?" என்று கேளுங்கள், ஒரு நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கு நேரமில்லையென்றால் நீங்களே ஒரு பக்கத்தில் எழுதிக் கடிதத்தோடு இணைத்து அனுப்புங்கள். கையெழுத்து அழகாக இருக்க வேண்டியதில்லை. நான் முழுதாகப் படிப்பேன்.

அப்புறம் எங்கள் போன் வரும். பெரும்பாலும் இங்கேதான் காரியம் கெடுகிறது. மகனுக்காகப் போனை எடுக்கும் அம்மா, "இப்போ பரவாயில்லை சிஸ்டர், சமாளிச்சிட்டு இருக்கோம்" என்பார். மரியாதைக்காகச் சொல்கிறார், வீட்டு விஷயத்தை வெளியே சொல்லக் கூசியும் சொல்கிறார். நேற்று ராத்திரி எப்போது படுத்தான் என்று கேட்டால், "அவன் எங்கே படுக்கிறான், விடிய விடிய நடக்கிறான்" என்பார். சாப்பாடு? "நான் போட்டால் தொடமாட்டான். ஏதோ கலந்திருக்கேன் என்று நினைக்கிறான்." நீங்கள் எங்கே தூங்குகிறீர்கள்? கொஞ்சம் தயங்கிவிட்டு, "கதவைத் தாழ் போட்டுக்கிட்டு உள்ளே" என்பார். இதில் எங்கே இருக்கிறது 'பரவாயில்லை'? கடைசி இரண்டு பதில்களும் வராமல் போயிருந்தால் அந்த மகனின் பெயர் வழக்கமான பட்டியலில் கிடந்திருக்கும். கூட்டிச் சொல்லத் தேவையே இல்லை. குறைத்துச் சொல்லாமல் இருந்தால் போதும். நல்ல நாளில் போன் வந்தாலும், போன வாரத்தின் மிக மோசமான நாள் எப்படி இருந்தது என்பதைச் சொல்லுங்கள். அதைத் தேதி போட்டுக் குறித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

சரி, எவ்வளவு காலம் ஆகும்? நாட்டுக்கு நாடு, நோய்க்கு நோய் மாறும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கில், டாக்டர், செவிலியர், உளவியலாளர் எல்லோரையும் சேர்த்தே ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 13 மனநலப் பணியாளர்கள்தான். அதனால் எங்கும் வரிசை உண்டு. இலக்குகளை வெளிப்படையாக வைத்திருக்கும் நாடுகளில் இங்கிலாந்தும் ஒன்று. அங்கே பேச்சு சிகிச்சைக்குப் பதிந்தவர்களில் 75 சதவீதத்தினருக்கு 6 வாரத்துக்குள்ளும், 95 சதவீதத்தினருக்கு 18 வாரத்துக்குள்ளும் சிகிச்சை தொடங்க வேண்டும். குரல்கள் கேட்பது, இல்லாததை நம்புவது போன்ற மனச்சிதைவு அறிகுறிகள் முதன்முறையாகத் தோன்றியவர்கள் என்றால், 60 சதவீதத்தினருக்காவது 2 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். ஒரே நாட்டிலேயே இத்தனை வித்தியாசம் ஏன்? மனச்சிதைவு சிகிச்சையில்லாமல் எவ்வளவு காலம் நீடிக்கிறதோ அந்த அளவுக்குத் தேறிவருவது கடினமாகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

இந்த வாரக் கணக்கில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முதல் சந்திப்பு நடந்துவிட்டால் காத்திருப்பு முடிந்தது என்று பல இடங்களில் கணக்கு எழுதிவிடுவார்கள். அந்தச் சந்திப்பு மதிப்பீடு மட்டும்தான். சிகிச்சைக்கு அதன் பிறகு இன்னொரு பட்டியல் இருக்கும், சில சமயம் முதலாவதைவிட நீளமாக. ஆகவே "எப்போது பார்ப்பீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "மதிப்பீட்டுக்கு எத்தனை வாரம், அதன் பிறகு சிகிச்சை தொடங்க எத்தனை வாரம், என் பெயர் எந்த அவசர வகையில் இருக்கிறது?" என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கேட்பவரைத் தொந்தரவு என்று நினைக்கும் ஊழியர் இருந்தாலும் கேளுங்கள்.

எந்தப் பட்டியலிலும் காத்திருக்கவே கூடாத நிலைமைகள் சில உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ள வழியும் நேரமும் யோசித்து வைத்திருப்பவர், பிறரைத் தாக்கச் சொல்லும் குரல்களைக் கேட்பவர், நாள்கணக்கில் சாப்பாடும் தண்ணீரும் மறுப்பவர், திடீரென்று ஆளே மாறிக் குழம்பிப் போனவர். பிரசவமான சில நாட்களிலேயே தூக்கம் இல்லாமல், படபடவென்று பேசி, குழந்தையைப் பற்றி விபரீதமாக எதையாவது நம்பத் தொடங்கும் தாயும் அப்படித்தான். அது வெறும் அசதி இல்லை, சில மணி நேரத்திலேயே முற்றக்கூடிய நோய். இவர்களை நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். பட்டியலில் பெயர் இருப்பதால் வேறு எங்கும் போகக் கூடாது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நிலைமை மாறும்போது எங்களுக்குச் சொல்லுங்கள் என்று நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் "ரொம்ப மோசமாகிவிட்டது" என்பதை வைத்து மறுபடி வகைப்படுத்துவது கஷ்டம். பி.எச்.க்யூ-9 என்று ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது, தமிழிலும் கிடைக்கும். கடந்த இரண்டு வாரங்களை நினைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 27. பத்தைத் தொட்டால் நடுத்தர மனச்சோர்வு, இருபதைத் தொட்டால் கடுமையானது என்று எடுத்துக்கொள்வோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டுத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். "பதியும்போது 11 இருந்தது, இப்போது 19" என்று ஒருவர் சொன்னால் நான் கோப்பை எடுத்தே ஆக வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதில் பூஜ்யத்தைத் தவிர வேறு எது வந்தாலும் மொத்தத்தைப் பார்க்காமல் அன்றே கூப்பிடுங்கள்.

மருந்து விஷயத்தில்தான் எனக்கு மிகுந்த கவலை. ஒரு மருத்துவமனையில் இருந்து வெளியே வந்து, இன்னொரு மையத்தில் முறை வருவதற்குள் மாத்திரை தீர்ந்துபோகும். "டாக்டரைப் பார்த்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவார்கள். மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு வரும். இருதுருவ மனநோய்க்குத் தரும் லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து கூடுகிறது. மனச்சிதைவுக்குத் தரும் குளோஸபின் எடுப்பவர் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுவிட்டால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது, டாக்டரின் மேற்பார்வையில் குறைந்த அளவில் இருந்து ஏற்ற வேண்டும். மாதாந்திர ஊசி போடுபவருக்கு அடுத்த ஊசித் தேதி என்று ஒன்று இருக்கிறது, அது எங்கள் பட்டியலுக்காகக் காத்திராது. இரண்டு வார மாத்திரை கையில் இருக்கும்போதே குடும்ப டாக்டரிடமோ முன்பு பார்த்த மருத்துவமனையிலோ சீட்டு கேளுங்கள். அங்கும் முடியவில்லையென்றால் எங்களைக் கூப்பிட்டு, "மருந்து இந்தத் தேதியில் தீர்கிறது" என்று தேதியோடு சொல்லுங்கள்.

தினமும் நிறையக் குடிப்பவர்கள் சிலர், நல்ல பெயரோடு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சந்திப்புக்கு முன்னால் ஒரேயடியாக நிறுத்திவிடுகிறார்கள். நோக்கம் நல்லதுதான், ஆனால் ஆபத்தானது. இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்பும், நினைவு தடுமாறும் சித்தப்பிரமையும் வரலாம், உயிரே போகலாம். நிறுத்துவதை மருத்துவ உதவியோடு செய்யுங்கள். குடித்தீர்களா என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், அதற்காக உங்கள் மீதான மதிப்பு குறையாது.

குடும்ப டாக்டர் சும்மா இருக்க வேண்டியதில்லை. தைராய்டு, ரத்தசோகை, பி12 சோதனைகளை இப்போதே செய்துவிடலாம். இவற்றில் கோளாறு இருந்தாலும் சோர்வும் மந்தமும் மனச்சோர்வைப் போலவே தெரியும். மனச்சோர்வு மாத்திரையை அவரே தொடங்கவும் முடியும். பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும் என்பதால், காத்திருக்கும் காலத்தில் தொடங்குவது பெரிய லாபம்.

பட்டியலில் இருந்து பெயர் தவறிப்போவது பெரும்பாலும் அற்பக் காரணங்களால். பல மையங்களில் "இன்னும் சந்திப்பு வேண்டுமா?" என்று கடிதமோ குறுஞ்செய்தியோ அனுப்பி, குறிப்பிட்ட நாளுக்குள் பதில் வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். தெரியாத எண்ணில் இருந்து வரும் அழைப்பை எடுங்கள். வீட்டில் இன்னொருவரின் எண்ணையும் கொடுத்து, "இவரிடம் என்னைப் பற்றிப் பேசலாம்" என்று எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் ரகசியம் காக்கும் விதியால் நாங்கள் வாயே திறக்க முடியாது. வேறு யாராவது சந்திப்பை ரத்து செய்தால் உடனே வரத் தயார் என்று சொல்லி வையுங்கள். அந்த ஒரு வாக்கியத்தால் வாரக்கணக்கில் முன்னால் வந்தவர்கள் உண்டு.

வீட்டில் ஒரு பாதுகாப்புத் திட்டமும் இருக்கட்டும். பார்பரா ஸ்டான்லியும் கிரெகரி பிரௌனும் வடிவமைத்த முறை இது, ஒரே தாளில் அடங்கும். மனம் சரியப் போகிறது என்று காட்டும் அறிகுறிகள், தனியாக இருக்கும்போது செய்யக்கூடியவை, கவனத்தைத் திருப்ப உதவும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடிய சொந்தங்கள், கூப்பிட வேண்டிய மருத்துவ எண்கள், கடைசியாக வீட்டில் இருந்து அப்புறப்படுத்த வேண்டிய பொருட்கள். மனம் தெளிவாக இருக்கும் ஒரு மாலையில், நம்பும் ஒருவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். கடைசிப் பகுதியை மட்டும் ஒத்திப்போடாதீர்கள். பூச்சிமருந்து வீட்டில் வேண்டாம், மாத்திரைகளை வேறொருவர் வைத்திருந்து சில நாட்களுக்கானதை மட்டும் கொடுக்கட்டும். அந்த எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாமல் இருந்தாலே ஒரு உயிர் தப்பும்.

எண்களுக்கான இடத்தில்: இந்தியாவில் டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, மலேசியாவில் 15555, ஆஸ்திரேலியாவில் 13 11 14, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988. இங்கிலாந்தில் 111ஐ அழைத்து 2ஐ அழுத்த வேண்டும்.

முறை வந்த அன்று, குறித்து வைத்த தேதிகள், படிவ மதிப்பெண்கள், மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். கூட இருப்பவர் ஒருவர் வரட்டும், ஆனால் கொஞ்ச நேரமாவது நோயாளி தனியாகப் பேச இடம் கொடுங்கள். கிளம்பும் முன், அடுத்த சந்திப்பு எப்போது, அதுவரை மருந்துச் சீட்டு யார் தருவார், இடையில் மோசமானால் எந்த எண்ணில் யாரிடம் பேசுவது என்று கேட்டு, அவர்கள் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.