பழைய லேப்டாப்புக்கு எந்த பேனல்? லினக்ஸில் இலகுவான ஒன்றைப் பிடித்து ஓடவைப்பது எப்படி

திரையின் அடியில் இருக்கும் பட்டையைத்தான் லினக்ஸில் பேனல் என்கிறோம். மெனு, திறந்திருக்கும் விண்டோக்கள், வைஃபை ஐகான், கடிகாரம் எல்லாம் அங்கேதான் இருக்கும். என்னிடம் 2 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது. அதில் டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பைப் போட்டு, மேலே ஓப்பன்பாக்ஸ் வைத்திருக்கிறேன். ஓப்பன்பாக்ஸ் விண்டோக்களை மட்டும் கவனித்துக்கொள்ளும். லாகின் செய்தால் வெறும் திரைதான், பேனலை நாமே கொண்டுவர வேண்டும்.

"இருப்பதிலேயே இலகுவானது எது?" என்று தேடித்தான் நானும் ஆரம்பித்தேன். அப்படித் தேடியதுதான் தப்பு. பேனலில் இல்லாத ஒவ்வொரு வசதிக்கும் பிற்பாடு தனியாக ஒரு நிரலை ஓட்டவேண்டி வரும். அதனால் உங்களுக்கு என்னென்ன வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

படி 1: மாற்ற முடியுமா என்று பாருங்கள்

கினோம், சின்னமன், கேடிஇ பிளாஸ்மா மூன்றிலும் பேனல் டெஸ்க்டாப்போடு ஒட்டிப் பிறந்தது. அதைப் பிடுங்கப் பார்க்காதீர்கள். எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்டிஇ, ஓப்பன்பாக்ஸ் என்றால் பேனல் தனி நிரல், தாராளமாக மாற்றலாம்.

லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்ட எக்ஸ்11, வேலண்ட் என்று இரண்டு முறைகள் உண்டு; நீங்கள் லாகின் செய்திருக்கும் செஷன் எது என்பதையும் பாருங்கள். கீழே நான் சொல்லும் டின்ட்2 என்ற பேனல் எக்ஸ்11-க்காக எழுதப்பட்டது. ஸ்வே போன்ற வேலண்ட் சூழலில் இருப்பவர்கள் வேபார் என்ற பேனல் பக்கம் போவதே நல்லது.

படி 2: தேவையை ஒரு தாளில் எழுதுங்கள்

மெனு வேண்டுமா, டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியலே போதுமா? பேட்டரி அளவு தெரிய வேண்டுமா? ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகத் தமிழ்99 தட்டுபவர் என்றால், சின்ன ஐகான்கள் வரிசையாக நிற்கும் சிஸ்டம் ட்ரே கட்டாயம் வேண்டும். இப்போது தமிழில் இருக்கிறோமா ஆங்கிலத்தில் இருக்கிறோமா என்று காட்டும் ஐகான் அங்கேதான் வந்து உட்காரும்.

படி 3: மூன்றில் ஒன்று

புதியவர்களுக்கு நான் சொல்வது எல்எக்ஸ்பேனல். தைவான்காரர் ஹாங் ஜென் யீ 2006-இல் தொடங்கிய எல்எக்ஸ்டிஇ திட்டத்தின் பேனல் இது. மெனுவும் ட்ரேயும் கடிகாரமும் கூடவே வரும். பட்டையில் ரைட் கிளிக் செய்தாலே எல்லா அமைப்பும் கைக்கு வந்துவிடும். மெனு மட்டும் காலியாகத் தெரிந்தால், எல்எக்ஸ்மெனு-டேட்டா என்ற தொகுப்பு நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

டின்ட்2 இன்னும் ஒல்லி. 2015-இல் நின்றுபோன கிரன்ச்பேங் என்ற லினக்ஸ் பதிப்பைப் பயன்படுத்தியவர்களுக்கு இது பழகிய முகம். ஆனால் விண்டோஸில் இருப்பது போன்ற மெனு இதில் கிடையாது. அமைப்புகள் எல்லாம் ஒரே உரைக்கோப்பில் இருக்கும். அதில் பேனல் ஐட்டம்ஸ் என்று தொடங்கும் வரியில் எல் (L), டி (T), எஸ் (S), சி (C) என நான்கு எழுத்துகள் இடைவெளி இல்லாமல் நிற்கும். எல் என்பது நிரல்களைத் திறக்கும் ஐகான்கள் இருக்கும் லாஞ்சர், டி திறந்திருக்கும் விண்டோக்களைக் காட்டும் டாஸ்க்பார், எஸ் ட்ரே, சி கடிகாரம். எழுத்து எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசைதான் திரையிலும். கடைசியில் ஒரு பி (B) சேர்த்தால் பேட்டரி வந்துவிடும். கோப்பைத் தொடப் பயமாக இருந்தால், கூடவே வரும் டின்ட்2கான்ஃப் கருவியில் மவுஸாலேயே இதையெல்லாம் செய்யலாம்.

எக்ஸ்எஃப்சிஇ வைத்திருப்பவர்கள் அதன் சொந்த பேனலிலேயே இருங்கள். மாற்றி மிச்சமாகும் ரேம், செலவாகும் நேரத்துக்கு ஈடாகாது.

படி 4: நிறுவி ஓட்டுங்கள்

மென்பொருள் நிறுவும் கருவியான சினாப்டிக்கில் பேனலின் பெயரைத் தேடி நிறுவுங்கள். பிறகு டெர்மினலில் அதே பெயரை ஆங்கிலத்தில் தட்டி எண்டர் அடியுங்கள். அதற்கு முன் பழைய பேனலை நிறுத்திவிடுங்கள். இரண்டும் ஒன்றாக ஓடினால் ட்ரே ஐகான்கள் முதலில் வந்த பேனலில்தான் இருக்கும், ஏனென்றால் ஒரு திரையின் ட்ரேயை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் வைத்துக்கொள்ள முடியும். புதிய பேனலில் ட்ரே இல்லையே என்று பலர் புலம்புவது இதனால்தான்.

படி 5: ஒவ்வொரு முறையும் தானாக வர

ஹோம் ஃபோல்டரில் கண்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபோல்டர்கள் தெரியும். கான்ஃபிக் ஃபோல்டருக்குள் ஓப்பன்பாக்ஸ், அதற்குள் ஆட்டோஸ்டார்ட் என்ற கோப்பு. இல்லாவிட்டால் நீங்களே உருவாக்குங்கள். அதில் பேனலின் பெயரை ஒரு வரியில் எழுதி, ஒரு இடைவெளி விட்டு, ஆம்பர்சேண்ட் (&) குறி போடுங்கள். வைஃபை ஐகானுக்கு என்எம்-ஆப்லெட், அதுவும் தனி வரியில், அதே குறியோடு.

அந்தக் குறியை மறந்து நான் ஒரு மாலை முழுவதையும் தொலைத்திருக்கிறேன். பேனல் ஜம்மென்று வந்தது, வைஃபை ஐகானைக் காணோம். வைஃபை கார்டே போய்விட்டது என்று லேப்டாப்பைத் திருப்பி ஸ்க்ரூ எல்லாம் கழற்றினேன். நடந்தது வேறு. குறி இல்லாததால் பேனல் மூடப்பட்டால்தான் அடுத்த வரி என்று கோப்பு காத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

படி 6: அளந்து பாருங்கள்

எச்டாப் என்ற நிரலை நிறுவி ஓட்டினால் ஒவ்வொரு நிரலும் பிடிக்கும் ரேம் தெரியும். ரெஸ் என்ற பத்தியை மட்டும் பார்த்து மலைக்காதீர்கள். மற்ற நிரல்களோடு பங்கிட்டுக்கொள்ளும் நூலகங்களும் அதில் அடக்கம். பக்கத்திலிருக்கும் எஸ்எச்ஆர் எண்ணைக் கழித்தால் ஓரளவு உண்மை நிலவரம் வரும். அப்படியே பிரவுசரின் வரிகளையும் ஒரு பார்வை பாருங்கள், பேனலின் கணக்கு அதற்குமுன் தூசு.

இன்னொன்று. விண்டோக்களின் தமிழ்த் தலைப்புகள் பேனலில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பேனலைத் திட்டாதீர்கள், தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். சினாப்டிக்கில் லோகித் தமிழ் எழுத்துருவை நிறுவி, லாக்-அவுட் செய்து திரும்ப வாருங்கள்.