தமிழ்த் தலைப்புக்கு வெட்டுமூலைச் சாய்வு எழுத்துரு

விண்வெளிப் படச் சுவரொட்டி, பந்தய வண்டி ஸ்டிக்கர், கேம் தலைப்பு போன்றவற்றில் வரும் கோணச் சாய்வெழுத்தைத் தமிழில் செய்ய, முதலில் நிமிர்ந்த எழுத்துகளை முழுதாக வரைந்து முடியுங்கள். ஈஎம் சதுரம் (ஒவ்வொரு எழுத்தையும் வரையும் கற்பனைச் சதுரம்) 1000 யூனிட் என்றால் எழுத்தின் உயரம் 600, கோட்டுத் தடிமன் 100, மூலை வெட்டு (மூலையைச் சாய்வாக நறுக்கும் அளவு) 60 என்று தொடங்கலாம். வளைவு வேண்டாம், எல்லாமே நேர்கோடு.

ட, ப இரண்டும் சிரமம் தராது. படுத்துவது சுழி எழுத்துகள்தான். மூன்று சுழி ‘ண’வில் 100 யூனிட் கோட்டையே வைத்தால் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் அடைபட்டு, இரண்டு சுழி ‘ன’ போலத் தெரியும். அதற்கு மட்டும் கோட்டை 80க்கு இறக்கி, அகலத்தைக் கூட்டுங்கள். உகர, ஊகார வரிசையில் 36 எழுத்துக்கும் தனி வடிவம் வேண்டும். இதில் குறுக்குவழி கிடையாது.

அடுத்து சாய்வு. 12 பாகை போதும்; 15ஐத் தாண்டினால் தமிழ் எழுத்து விழுவதுபோல் இருக்கும். எழுத்துரு வரையும் மென்பொருளான ஃபாண்ட்ஃபோர்ஜில் ‘டிரான்ஸ்ஃபார்ம்’ போய் ‘ஸ்க்யூ’ (சாய்த்தல்) கொடுத்தால் எழுத்தின் தலை சுமார் 128 யூனிட் வலப்பக்கம் நகரும். எனவே முழு வடிவத்தையும் 64 யூனிட் இடப்பக்கம் தள்ளுங்கள்; இல்லையேல் எழுத்துகளின் இருபுற இடைவெளி சமமாக இராது.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான வேலை இனிமேல்தான். சாய்த்ததும் 60க்கு 60 வெட்டிய மூலைகள் மாறிப்போகும்: மேல் இடதிலும் கீழ் வலதிலும் வெட்டின் அகலம் 73 ஆகும், மற்ற இரண்டில் 47 ஆகச் சுருங்கும். ஒவ்வொன்றையும் கையால் 60க்குத் திருப்புங்கள். சாய்ந்த கோடுகளும் அப்படித்தான்: வலப்பக்கம் சாய்ந்தவை மெலியும், இடப்பக்கம் சாய்ந்தவை தடிக்கும்.

‘ர’வையும் ‘ஏ’வையும் தனியாகப் பாருங்கள். அவற்றின் கீழ்வால் இடப்பக்கம் இறங்குவது. சாய்ந்த காலும் அதே திசையில் இறங்குவதால் இரண்டும் ஒரே கோடாகி, ‘ர’ துணைக்கால் போலாகிவிடும். காலுக்கும் வாலுக்கும் இடையே 30 பாகைத் திருப்பமாவது தெரிய வேண்டும். புள்ளியைச் சிறு இணைகரமாக வரைந்து, அதன் ஆங்க்கரையும் (புள்ளி எழுத்தின்மேல் உட்காரும் இடத்தைக் காட்டும் குறி) சாய்வுக்கேற்ப வலப்பக்கம் நகர்த்துங்கள். நகர்த்தாவிட்டால் ‘க்’ எழுத்தில் புள்ளி இடப்பக்கம் பிதுங்கி நிற்கும்.

ஏற்றுமதிக்கு முன் இட்டாலிக் கோணத்தை -12 என்று, குறைக்குறியோடு, பதியுங்கள். பாணியையும் ‘இட்டாலிக்’ என்றே குறியுங்கள். ‘ரெகுலர்’ என்று விட்டால், யாராவது சாய்வுப் பொத்தானை அழுத்தும்போது மென்பொருள் இன்னொரு முறை சாய்த்துவிடும்.

பயன்படுத்தும்போது மூன்று நான்கு சொற்களுக்குமேல் வேண்டாம். எழுத்தளவு 24 பாயின்ட்டுக்குக் கீழே போனால் சுழிகள் அடைபடும். எழுத்திடைவெளியை நிறையக் கூட்டினால் ‘கொ’வின் கொம்பும் காலும் தனித்தனியே பிரிந்து நிற்கும். வீடியோ எடிட்டரில் எழுத்துப்பெட்டியின் வலப்பக்கம் ஒரு வெற்றிடம் விடுங்கள்; கடைசி எழுத்தின் தலை அங்கேதான் வெட்டுப்படும்.